கைவினைப் பொருட்கள் வாங்குவது எப்படி: கடையில் எதை, ஆன்லைனில் எதை?

கைவினைப் பொருட்கள் விற்கும் கடைக்குள் முதல்முறை நுழைபவருக்கு, பார்க்கிற எல்லாமே தேவை போலத் தோன்றும். ஆன்லைனில் இன்னும் மோசம். ஒரு பசையைத் தேடப் போனால், கூடவே வாங்கச் சொல்லி நாலு பொருள் வந்து நிற்கும். இரண்டு இடத்திலும் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் பின்பற்றுவது ஒரு எளிய பிரிவினை: தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதைக் கடையில் வாங்குவேன்; எண்ணைப் பார்த்தே இன்னதென்று தெரிந்துகொள்ளக் கூடியதை ஆன்லைனில் வாங்குவேன். எது எந்தப் பக்கம் சேரும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் வேலை, அப்புறம் பொருள்

"ஓவியம் பழகப் போகிறேன்" என்பதை வைத்துப் பட்டியல் போட முடியாது. "வாட்டர்கலரில் பத்து வாழ்த்து அட்டைகள், மடித்தபின் ஏ5 அளவு" என்றால் போடலாம். என்ன செய்யப் போகிறீர்கள், எந்த அளவில், எத்தனை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5. ஆகவே பத்து அட்டைக்குப் பத்து ஏ4 தாள். சொதப்பலுக்கும் வண்ணம் பார்ப்பதற்கும் இரண்டு கூடுதல். பன்னிரண்டு தாள் கொண்ட ஒரு பேட் போதும் என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டது. இனி ஐம்பது தாள் கட்டு தள்ளுபடியில் கிடந்தாலும் கை அந்தப் பக்கம் போகாது.

பட்டியல் முடிந்ததும் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அடித்துவிடுங்கள். ஸ்கேல், கத்தரிக்கோல், வண்ணம் கலக்க ஒரு பழைய வெள்ளைத் தட்டு எல்லாம் இருக்கும். துணி வெட்டும் கத்தரிக்கோலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காகிதம் வெட்டினால் அதன் கூர் மழுங்கிவிடும், காகிதத்துக்குத் தனிக் கத்தரிக்கோல் வேண்டும்.

படி 2: லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். லேபிள் படிக்கத் தெரிந்துவிட்டால் கடைக்காரரையும் விளம்பரத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

காகிதத்தில் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பது அதன் கணக்கு. பிரிண்டரில் போடும் தாள் 70 முதல் 80 வரை. வாட்டர்கலருக்குப் பலரும் எடுப்பது 300. அதைவிட மெல்லியதில் தண்ணீர் பட்டால் தாள் அலையலையாக எழும்பிக்கொள்ளும். ஆனால் எண் மட்டும் போதாது. 300 ஜிஎஸ்எம் கைவினை அட்டையும் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளும் ஒன்றல்ல. வாட்டர்கலர் தாளில் தண்ணீர் உடனே உள்ளே இறங்காதபடி ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். சாதா அட்டை வண்ணத்தை அப்படியே குடித்துவிடும், தூரிகையால் இழுத்துவிட நேரமே கிடைக்காது. எனவே எண்ணோடு "வாட்டர்கலர்" என்ற சொல்லும் இருக்கிறதா பாருங்கள். "கோல்ட் பிரஸ்" என்றால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், "ஹாட் பிரஸ்" என்றால் வழவழப்பு. தொடங்குபவருக்குச் சொரசொரப்புதான் வசதி. பல நாள் வைத்திருக்கப் போகும் வேலைக்கு "ஆசிட் ஃப்ரீ" என்பதையும் தேடுங்கள்; இல்லாவிட்டால் நாளடைவில் தாள் மஞ்சளாகும்.

அடுத்து வண்ணம். ஒரு டியூபைக் கையில் எடுத்துத் திருப்புங்கள். முன்பக்கம் அழகான பெயர் இருக்கும். பெயர் நிறுவனம் வைப்பது, ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வண்ணம் விற்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடுதான் நம்பகமானது. பிபி 29 என்றால் அது அல்ட்ராமரைன் நீலம், எந்த நிறுவனம் செய்தாலும் அதே நிறமி. பிஆர் 108 என்றால் காட்மியம் சிவப்பு. காட்மியம் சிவப்பு என்ற பெயருக்குப் பின்னால் "ஹ்யூ" என்று ஒட்டியிருந்தால், உள்ளே காட்மியம் இல்லை, அந்தச் சாயல் வரும்படி வேறு நிறமி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது ஏமாற்று வேலை அல்ல, பழகுவதற்கு அதுவே போதும். அசல் காட்மியம் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு வாங்காமல் இருந்தால் சரி.

அதே பின்பக்கத்தில் குறியீடுகள் எத்தனை என்றும் எண்ணுங்கள். ஒரே குறியீடு உள்ள வண்ணம் கலக்கும்போது தெளிவாக நிற்கும். மூன்று நிறமி சேர்த்த வண்ணத்தோடு மூன்று நிறமி சேர்த்த இன்னொன்றைக் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். வெளிச்சத்தில் மங்காமல் நிற்கும் திறனும் அங்கேயே குறித்திருக்கும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் மதிப்பீட்டில் 1, 2 என்றால் நல்லது. பிஆர் 83 என்ற அலிசரின் கிரிம்சன் அழகான சிவப்பு, ஆனால் வெளிச்சத்தில் மங்கும். உறைக்குள் போகும் வாழ்த்து அட்டைக்கு அது பரவாயில்லை, சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

நூல் வாங்குபவர்கள் கம்பளி நூலைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைப் பாருங்கள். கிராம், மீட்டர், எத்தனை மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். விலையை ஒப்பிட மீட்டரைப் பாருங்கள், கிராமை அல்ல. அதே 100 கிராமில் தடித்த நூல் நீளம் குறைவாகவே வரும். அதைவிட முக்கியம், சாயத் தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கெல்லாம் போடும் எண். வண்ண எண் ஒன்றாக இருந்தும் தொகுதி எண் மாறினால் சாயல் லேசாக மாறும். பந்தாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பின்னி முடித்த ஸ்வெட்டரின் நடுவில் கோடு போட்டது போல் தெரியும். முழு வேலைக்குமான நூலை ஒரே தொகுதியில், ஒரே தடவையில் வாங்குங்கள்.

எம்ப்ராய்டரி நூல் இதில் சுலபம். டிஎம்சி என்ற நிறுவனத்தின் காட்டன் நூலில் 310 என்றால் கறுப்பு, எங்கே வாங்கினாலும் கறுப்பு. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. ஆன்லைனில் வாங்கவே பிறந்த பொருள்.

குழந்தைகளுக்கு வாங்குவதாக இருந்தால் இன்னும் ஒரு விஷயம். ஏஎஸ்டிஎம் டி-4236 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பொருளில் நாள்பட்ட உடல்நலக் கேடு உண்டா என்று ஆராய்ந்து, உண்டென்றால் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். நஞ்சில்லை என்று பொருள் அல்ல. ஆகவே அந்த எண்ணோடு எச்சரிக்கை வாசகத்தையும் படியுங்கள். ஏபி முத்திரை இருந்தால் நஞ்சற்றது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: கடையில் கையால் பாருங்கள்

தூரிகையைக் கடையில் வாங்குவதுதான் உத்தமம். புதுத் தூரிகையின் முனை எப்போதும் ஊசிபோல் இருக்கும், காரணம் அதில் தடவியிருக்கும் பசை. அந்த முனையை நம்பி வாங்கக் கூடாது. "தண்ணீரில் நனைத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் நனைத்து, பசை கரையும்வரை அலசி, ஒருமுறை உதறுங்கள். நல்ல வட்டத் தூரிகை தானாகவே ஒரே முனையாகக் கூடும். இரண்டாகப் பிளந்தாலோ பக்கவாட்டில் ஓரிரு முடி துருத்தினாலோ வைத்துவிடுங்கள். நனைக்க விடவில்லை என்றால், முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது சீக்கிரமே கழன்று வரும். எண் 6 என்பது ஒரு நிறுவனத்தில் ஒரு பருமன், இன்னொன்றில் வேறு பருமன். அதனாலும் கண்ணால் பார்ப்பதே நல்லது.

அக்ரிலிக்குக்கு செயற்கை இழைத் தூரிகையே எடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், விலையுயர்ந்த முடித் தூரிகையைப் பாழாக்கிவிடும்.

களிமண் பாக்கெட்டை உறையோடு அழுத்திப் பாருங்கள். காற்றில் காயும் களிமண்ணும் சரி, ஓவன் அடுப்பில் சுடும் பாலிமர் களிமண்ணும் சரி, விரலுக்கு இடம் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் பழைய சரக்கு. கேன்வாஸை மேசையில் படுக்க வைத்து நான்கு மூலையும் படிகிறதா பாருங்கள். மார்க்கரை அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துவிடலாம்.

படி 4: ஆன்லைனில் மில்லிமீட்டரை நம்புங்கள், படத்தை அல்ல

படத்தில் 2 மி.மீ. மணியும் 12 மி.மீ. மணியும் ஒரே அளவாகத்தான் தெரியும். ஸ்கேலை எடுத்து அந்த அளவை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சிறு மணிகளில் எண் ஏறினால் அளவு இறங்கும்: 8/0 ஏறக்குறைய 3 மி.மீ., 11/0 ஏறக்குறைய 2 மி.மீ. பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னுக்குக் குச்சி வாங்கும்போது 7 மி.மீ., 11 மி.மீ. என்று இரண்டு பருமன் பரவலாகக் கிடைக்கும். உங்கள் கன் எதை ஏற்கும் என்று முதலில் பாருங்கள்.

திரையில் தெரியும் நிறத்தையும் நம்ப முடியாது, ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். நிறமிக் குறியீடோ வண்ண எண்ணோ கொடுக்காத பக்கத்தில் வண்ணம் வாங்காமல் விடுவதே மேல். விமர்சனங்களில் வாங்கியவர்கள் போட்ட படங்களை முதலில் பாருங்கள், பிறகு குறைந்த நட்சத்திரம் கொடுத்தவற்றைப் படியுங்கள். "டெலிவரி தாமதம்" என்பவற்றைத் தாண்டிப் போங்கள். "டியூப் பாதி காலி", "தாளில் தண்ணீர் ஊறிவிட்டது" என்பவைதான் நமக்கு வேண்டியவை.

விலையை மில்லிலிட்டருக்கு, மீட்டருக்கு, தாளுக்கு என்று வகுத்துப் பாருங்கள், டெலிவரி கட்டணத்தையும் சேர்த்து. வெட்டிய துணியையும் திறந்த வண்ணத்தையும் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 5: செட்டா, தனித்தனியா?

48 வண்ணப் பெட்டி கண்ணைப் பறிக்கும். வாட்டர்கலர், அக்ரிலிக் இரண்டுக்கும் என் கருத்து: வேண்டாம். மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஒரு பழுப்பு. அக்ரிலிக் என்றால் பெரிய டியூபில் ஒரு வெள்ளை. இவை போதும். ஏன் இரண்டிரண்டு என்றால், அல்ட்ராமரைன் நீலம் ஊதாப் பக்கம் சாயும். அதோடு மஞ்சள் கலந்தால் மங்கலான இலைப்பச்சை வரும். பிபி 15 என்ற தாலோ நீலம் பச்சைப் பக்கம் சாயும். அதோடு எலுமிச்சை மஞ்சள் கலந்தால் பளிச்சென்ற பச்சை. இரண்டு நீலமும் கையில் இருந்தால் இரண்டு பச்சையும் உங்களுடையது.

கலர் பென்சிலும் மார்க்கரும் வேறு கதை. அவற்றைத் தட்டில் கலக்க முடியாது, அதனால் அங்கே செட் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் தீர்ந்த ஒரு நிறத்தைத் தனியாக விற்கும் நிறுவனமாகப் பார்த்து எடுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால், வண்ணத்தில் பிடியுங்கள், காகிதத்தில் வேண்டாம். மாணவர் தர வண்ணம் நல்ல தாளில் ஓரளவு சொன்னபடி கேட்கும். கலைஞர் தர வண்ணம் மட்டமான தாளில் ஒன்றும் செய்யாது, பிழை உங்கள் கையில்தான் என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். இரண்டு திரவத்தைக் கலந்தால் கெட்டியாகும் எபாக்ஸி ரெசினை முதல் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். கையுறை, காற்றோட்டம், இரண்டு திரவத்தையும் துல்லியமாக அளப்பது எல்லாம் சேர்ந்து அது தனிப் படிப்பு.

படி 6: பெட்டி வந்ததும்

பார்சலைத் திறக்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்து வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். டியூப் மூடிகளைச் சுற்றி ஒழுகல் இருக்கிறதா, நூல் பந்துகள் எல்லாவற்றிலும் தொகுதி எண் ஒன்றா, தாள் பேடின் மூலை நசுங்கியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். வேலை தொடங்கும் நாளில் பார்த்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டில் வாங்கிய ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு தீற்றல் தீற்றி, பக்கத்தில் நிறுவனம், பெயர், குறியீடு எழுதுங்கள். நூலின் காகிதப் பட்டையையும் அங்கேயே ஒட்டிவிடுங்கள், ஓர் அங்குல நூலோடு. அடுத்த தடவை ஆன்லைனில் தேடும்போது தேடல் கட்டத்தில் போட வேண்டியது அந்த எண்தான்; கடைக்குப் போவதென்றால் நோட்டையே எடுத்துப் போகலாம்.