பெரிய கப்பல்களில் விடுமுறை: ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்

ஒரு பக்கம் ஐகான் ஆஃப் தி சீஸ், இன்னொரு பக்கம் எம்எஸ்சி வேர்ல்ட் யூரோப்பா. இந்த இரண்டு சொகுசுக் கப்பல்களில் எதில் போகலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு அட்டவணை போடுவார்கள். எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம், எத்தனை நீர்ச்சறுக்கு, எத்தனை தளம். ராத்திரி கண் விழித்துப் போட்ட அட்டவணையாக இருக்கும், தகவல்களும் சரியாகவே இருக்கும். ஆனால் கப்பலில் ஏறிய மூன்றாம் நாள் மனசுக்கு இதமாக இருக்கிறதா, அலுத்துப் போகிறதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பெரும்பாலும் அதில் இருக்காது.

அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐகான் 2,48,663 டன், வேர்ல்ட் யூரோப்பா 2,15,863 டன் என்று படித்ததும், பெரியதில் தாராளமாக இடம் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்த டன் எடையே இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்பதை வைத்து, 1969-ல் வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி கணக்கிடும் எண் அது. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால்தான் நமக்குப் பயன். ஐகானில் அதிகபட்சம் 7,600 பேர் ஏறலாம். வகுத்தால் ஒருவருக்கு 32 சொச்சம் வரும். வேர்ல்ட் யூரோப்பாவில் அதிகபட்சம் 6,762 பேர். அங்கும் ஏறக்குறைய 32தான். 33 ஆயிரம் டன் வித்தியாசம், ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது காணாமல் போய்விடுகிறது.

வகுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். நிறுவனங்கள் இரண்டு விதமான எண்களைச் சொல்லும். ஒன்று, கேபினுக்கு, அதாவது கப்பலில் தங்கும் அறைக்கு, இரண்டு பேர் என்ற கணக்கு. மற்றது, சோபா கட்டில், மேல் கட்டில் எல்லாம் நிரம்பினால் வருகிற உச்சக் கணக்கு. ஐகானுக்கு முதல் கணக்கில் 5,610 பேர். ஒரு கப்பலுக்கு இந்த எண்ணையும் இன்னொன்றுக்கு அந்த எண்ணையும் எடுத்தால் ஒப்பீடு மொத்தமும் தவறிவிடும். கேபினுக்கு இருவர் கணக்கில் ஐகானுக்கு 44 வருகிறது. அதே கணக்கில், 2004-ல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 கப்பலுக்கு ஏறத்தாழ 55. நீளத்திலும் டன்னிலும் ஐகானைவிடச் சிறியது, ஆனால் ஆளுக்கு இடம் அதிகம்.

ஐகானின் 5,610, 7,600 என்ற இரண்டு எண்களுக்கும் நடுவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள், மேல் கட்டில்களும் நிரம்பும். விடுமுறை இல்லாத வாரத்தில் கேபினுக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரே கப்பலில், ஒரே தடத்தில், இரண்டாயிரம் பேர்வரை வித்தியாசம் வரலாம். ஜனவரியில் ஒன்றில் போய்வந்தவரின் கருத்தையும் கோடை விடுமுறையில் மற்றதில் போய்வந்தவரின் கருத்தையும் பக்கத்தில் வைத்து, இது கூட்டம், அது அமைதி என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கப்பலின் பெயருக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது கட்டணம். கேபின் விலையை மட்டும் ஒப்பிடுவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு, பணத்தில் அதிகம் வலிப்பதும் அதுதான். அமெரிக்காவிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் பணியாளர்களுக்கான டிப்ஸ், சாதாரண கேபினில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை, தானாகவே கணக்கில் ஏறும். பல கப்பல்களில் குழந்தைகளுக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்தால்கூட நான்கு பேருக்கு ஏழு இரவுக்கு 504 டாலர். இதற்குமேல் வைஃபை, குளிர்பானமோ மதுவோ, தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்கள். பயணம் முழுக்கக் குடிப்பதற்கு மொத்தமாகப் பணம் கட்டும் பானப் பேக்கேஜ் விஷயத்தில் பல நிறுவனங்களில் ஒரு விதி இருக்கிறது: கேபினில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே கேபினில் தங்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். கணவர் மட்டும் குடிப்பார், மனைவிக்குப் பழச்சாறு போதும் என்று போட்ட கணக்கு இங்கே இரட்டிப்பாகிவிடும். ஒரு கப்பலின் விலையில் டிப்ஸ் சேர்ந்திருக்கும், இன்னொன்றில் சேராது. அதனால் இரண்டுக்கும் விமானம், முந்தைய இரவு ஹோட்டல், டிப்ஸ், இணையம், பானம் எல்லாவற்றையும் போட்டு, கடைசியில் வருகிற ஒற்றைத் தொகையை மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

முந்தைய இரவு ஹோட்டல் எதற்கு என்று கேட்கலாம். புறப்படும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கினால், விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்தச் செலவைச் சேர்க்காமல் மலிவு என்று சொல்லக் கூடாது.

துறைமுகங்களின் பட்டியலில் எனக்கே ஒரு அடி பட்டிருக்கிறது. அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருந்தது. கப்பல் நின்றது சிவிட்டாவெக்கியாவில். ரோமுக்கு அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காலை 7 மணிக்குக் கப்பல் வந்தது, மாலை 7 மணிக்குக் கிளம்பும். பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இறங்கவே எட்டரை ஆகிவிட்டது, அப்புறம் பேருந்து, ரயில். கொலோசியத்தின் முன்னால் வரிசையில் நின்றபோது மணி பதினொன்றரை. எல்லோரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் ஆறரை. திரும்பும் ரயில் தாமதமானால் என்ன செய்வது என்ற பயத்தில், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணிக்கே நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டோம். அந்த நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்.

அதிலிருந்து, ஊர் பெயரை விட்டுவிட்டுத் துறைமுகத்தின் பெயரைத் தேடுகிறேன். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். 'புளோரன்ஸ்' என்றால் பெரும்பாலும் லிவோர்னோ. வெனிஸில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் பழைய நகரத்தை ஒட்டிய ஜுடெக்கா கால்வாயில் போகவே முடியாது. இப்போது 'வெனிஸ்' என்று விற்கிற பயணம் ரவென்னாவிலோ ட்ரியெஸ்ட்டிலோ தொடங்கலாம். இன்னொன்றும் பாருங்கள்: கப்பல் கரையைத் தொடுமா, கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குமா? சாண்டோரினியில் படகுதான். ஆயிரக்கணக்கானவர்கள் படகுக்கு வரிசையில் நிற்கும்போது காலை நேரம் அப்படியே கரைந்துவிடும்.

இங்கேதான் இரண்டு கப்பல்களும் அடிப்படையிலேயே பிரிகின்றன. ஐகான் மயாமியிலிருந்து கரீபியன் பக்கம் போகிறது; ஏழு நாளில் இரண்டு மூன்று நாள் முழுக்கக் கடலில்தான். கப்பலே போகிற இடம். நீர்ச்சறுக்கும் குளங்களும் ஷோக்களும் அங்கே நிஜமாகவே பயன்படும். மத்தியதரைக் கடலில் ஓடும்போது வேர்ல்ட் யூரோப்பா அநேகமாகத் தினமும் ஒரு ஊரில் நிற்கும்: ஜெனோவா, நேப்பிள்ஸ், வாலெட்டா, பார்சிலோனா, மார்செய் என்று. காலை போய் மாலை களைத்துத் திரும்புகிறவருக்குப் பதினொரு மாடிச் சறுக்கு எதற்கு? ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர் சறுக்குகளை எண்ணியும், கடலில் சும்மா இருக்க ஆசைப்படுகிறவர் ஊர்களை எண்ணியும் கப்பலைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இரண்டு பேருமே ஆண்டு முழுக்கச் சேர்த்த லீவைச் செலவழிக்கிறார்கள்.

அந்த ஐரோப்பியத் தடங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மயாமியில் எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்குவார்கள். அங்கேயோ பல துறைமுகங்களிலும் ஏறலாம், இறங்கலாம். உங்களுக்கு நான்காம் நாள் என்பது பக்கத்து மேசைக்காரருக்கு முதல் நாளாக இருக்கும். அறிவிப்புகள் பல மொழிகளில் வரும். சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் விமானம் மலிவாகக் கிடைக்கிற துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

கேபினுக்கு வருவோம். 'பால்கனி' என்ற ஒரே சொல்லை நம்பி இரண்டு கப்பல்களையும் ஒப்பிடாதீர்கள். இந்த அளவுக் கப்பல்களில் சில பால்கனிகள் உள்பக்கம் பார்த்திருக்கும். ஐகானில் சென்ட்ரல் பார்க் என்ற தோட்டத்தைப் பார்த்தவை உண்டு, வேர்ல்ட் யூரோப்பாவில் நடுவில் ஓடும் நடைவீதியைப் பார்த்தவை உண்டு. விலை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எதிர்க் கேபின்காரர் உங்களைப் பார்ப்பார், திரையை மூட வேண்டியிருக்கும், கடல் கண்ணில் படவே படாது அல்லது ஓரமாகத் தெரியும்.

தளத்தின் வரைபடத்தில் உங்கள் கேபினுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒருமுறை நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்திருந்தோம். விடியற்காலை ஐந்தரைக்குப் பணியாளர்கள் சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு நாற்காலியும் தலைக்கு மேல் 'கர்ர்' என்று நகரும், நிற்கும், அடுத்தது நகரும். மேலும் கீழும் கேபின்களே உள்ள தளம்தான் நிம்மதி. குமட்டல் வருகிறவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் நீளத்தை எண்ணாக மட்டும் படிக்காதீர்கள். ஐகான் 365 மீட்டர், வேர்ல்ட் யூரோப்பா 333 மீட்டர். பின்முனையில் கேபின், முன்பக்கத்தில் அரங்கம் என்றால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அந்த நீளத்தை நடக்க வேண்டும். லிஃப்டுக்கு அருகில் கேபின் எடுக்கச் சில நூறு டாலர் கூடினாலும் அது அவர்களுடைய விடுமுறையையே மாற்றிவிடும்.

ஷோக்களுக்குப் பல பெரிய கப்பல்களில் ஏறுவதற்கு முன்பே ஆப்பில் இடம் பதிவு செய்யலாம். எதில் எந்த நாளில் பதிவு திறக்கிறது என்று குறித்து வையுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கப்பல்களின் ரத்து விதிகளையும் எடுத்துப் படித்துவிடுங்கள். மலிவான கட்டணங்களில் முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. முழுத் தொகையும் கட்டும் கடைசித் தேதி இரண்டிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தேதிக்கு முன் அதே கேபினின் விலை இறங்கினால் குறைத்துக் கேட்கச் சில நிறுவனங்கள் அனுமதிக்கும். தேதி தாண்டிவிட்டால் பெரும்பாலும் கதவு மூடிவிடும்.