சுரங்க நிறுவனங்களின் தண்ணீர்க் கணக்கு: அறிக்கையில் செய்யக்கூடாத தவறுகள்

சுரங்க நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் தண்ணீர்ப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். பாதிப் பக்கத்துக்குத் தெளிந்த ஓடையின் படம், கீழே பெரிய எழுத்தில் "எங்கள் நன்னீர்ப் பயன்பாடு கடந்த ஆண்டைவிட 6 சதவீதம் குறைந்தது" என்று ஒரு வரி, ஓரத்தில் ஒரு பச்சை அம்புக்குறி. எந்தச் சுரங்கத்தில் குறைந்தது, எந்த ஆற்றிலிருந்து எடுப்பது குறைந்தது, மழை நன்றாகப் பெய்ததால் குறைந்ததா, உற்பத்தியே படுத்துவிட்டதால் குறைந்ததா, ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் எண் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சுரங்கத்துக்குக் கீழே அதே ஆற்றை நம்பி இருக்கிறவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையுமே சரிபார்க்க முடியாது என்றால், அதை வெளிப்படையான அறிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறிக்கை தயாரிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கும் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நல்லதுதான்.

எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்

இந்தப் பழக்கம் கரியமில வாயுக் கணக்கிலிருந்து தொற்றிக்கொண்டது. அந்த வாயுவை எந்த நாட்டில் வெளியேற்றினாலும் போய்ச் சேர்வது ஒரே வானத்தில், அதனால் கூட்டலாம். தண்ணீர் அப்படி இல்லை. ஆண்டு முழுக்க மழை கொட்டும் இடத்தில் ஒரு சுரங்கம் 500 மெகா லிட்டர் மிச்சப்படுத்தியது, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் இன்னொன்று 400 மெகா லிட்டர் கூடுதலாக எடுத்தது என்றால், மொத்தத்தில் 100 குறைந்துவிட்டது என்று எழுதுவது கூட்டலாக மட்டும் சரி. பாலைவனத்து நிலத்தடி நீருக்கு அந்த 500-ஆல் ஒரு சொட்டு லாபமும் கிடையாது. ஒரு மெகா லிட்டர் என்பது 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கன மீட்டர், பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனம் 2023-இல் தன் நீர்த் தரவுகளைச் சுரங்கவாரியாக, வரைபடத்தோடு வெளியிட ஆரம்பித்தது. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மேற்பரப்பு நீருக்கு அனுமதி இருக்கிறது, அதில் எவ்வளவு எடுத்தார்கள், அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் சராசரி மழையால் ஓடிவரும் நீர் எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அந்த மூன்றாவது எண்தான் முக்கியம். 2,000 மெகா லிட்டர் அதிகமா குறைவா என்ற கேள்விக்கு அந்த வடிநிலத்தில் மொத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு பெரிய நிறுவனத்தால் இதைச் செய்ய முடிகிறது என்றான பிறகு, வணிக ரகசியம் என்று மற்றவர்கள் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்தது, விட்டது, தீர்ந்தது

"பயன்பாடு" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ கடலிலிருந்தோ எடுத்த நீர் ஒன்று. சுத்திகரித்தோ இல்லாமலோ வெளியே விட்ட நீர் இன்னொன்று. திரும்பி வராமல் தீர்ந்துபோன நீர் மூன்றாவது. நிறுவனங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளுக்கான ஜிஆர்ஐ என்ற சர்வதேசத் தரநிலைகளில் தண்ணீருக்கான ஜிஆர்ஐ 303, 2018-இல் திருத்தப்பட்டு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. அப்படியும் ஒரே அறிக்கையில் ஒரு பக்கத்தில் எடுத்த நீரையும் அடுத்த பக்கத்தில் தீர்ந்த நீரையும் ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். எது சிறிய எண்ணோ அது முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது!

தீர்ந்த நீரிலும் ஒரு சிக்கல் உண்டு. எடுத்ததிலிருந்து விட்டதைக் கழித்தால் தீர்ந்தது என்பது பொதுவான சூத்திரம். ஒரு கற்பனைச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 12,000 மெகா லிட்டர் எடுத்தது, 4,000 விட்டது, ஆகவே 8,000 தீர்ந்தது என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஆண்டில் அவர்களுடைய குளங்களில் மட்டம் ஏறி 3,000 சேமிப்பாக நின்றது, உண்மையில் ஆவியானதும் கசடில் (தாதுவை அரைத்துக் கனிமத்தைப் பிரித்த பின் மிஞ்சும் சேறு) சிக்கியதும் 5,000தான். அடுத்த ஆண்டு அந்தச் சேமிப்பை இறைத்துப் பயன்படுத்தினார்கள், புதிதாக எடுத்தது 6,000 மட்டும், விட்டது அதே 4,000. சூத்திரப்படி தீர்ந்தது 2,000. எட்டாயிரத்திலிருந்து இரண்டாயிரம், 75 சதவீதக் குறைப்பு, விருதே வாங்கிவிடலாம். சேமிப்பிலிருந்து எடுத்த 3,000-ஐயும் சேர்த்துப் பாருங்கள், இந்த ஆண்டும் போனது அதே 5,000. சுரங்கத்தில் எதுவுமே மாறவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் குளத்தில் எவ்வளவு இருந்தது, முடிவில் எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்கள் போட்டிருந்தால் படிக்கிறவரே கண்டுபிடித்திருப்பார்.

குழியிலிருந்து இறைக்கும் நீரும் இப்படித்தான் காணாமல் போகும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும்போது பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழி நிரம்பிவிடும். "நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை, இறைத்து ஓடையில் விடுகிறோம், எனவே கணக்கில் சேர்க்கவில்லை" என்பார்கள். சரி, பயன்படுத்தவில்லை. ஆனால் சுற்றுவட்டாரக் கிணற்றின் மட்டம் இறங்குவது நீங்கள் அதைப் பயன்படுத்தினீர்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டு இறங்குவதில்லை. ஐசிஎம்எம் என்ற சர்வதேசச் சுரங்க அமைப்பின் வழிகாட்டி, ஆலைக்குள் பயன்படாமல் திருப்பி விடப்படும் இந்த மாதிரி நீரைத் தனி வரிசையில் காட்டச் சொல்கிறது. அந்த வரிசை உங்கள் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழையை மறப்பது

"மழை இயற்கையாகப் பெய்தது, அதை நாங்கள் எடுக்கவில்லையே" என்று ஒரு வாதம் உண்டு. 1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 மெகா லிட்டர், அவ்வளவு எளிமையான கணக்கு. கசடு தேக்கி வைக்கும் அணையின் பரப்பு 5 சதுர கிலோமீட்டர், ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்றால் 3,000 மெகா லிட்டர், அதாவது 300 கோடி லிட்டர். அந்த அணை அங்கே இல்லாவிட்டால் அதில் ஒரு பகுதி ஓடைக்குப் போயிருக்கும், ஒரு பகுதி மண்ணில் இறங்கியிருக்கும். இப்போது ஆலைக்குப் போகிறது. இதைச் சேர்க்காமல் விட்டால் மழை ஆண்டில் சுரங்கம் திடீரென்று சிக்கனமாகிவிட்டதுபோலத் தெரியும், வறண்ட ஆண்டில் அதே சுரங்கம் ஊதாரியாகிவிடும்.

தண்ணீர் குறைவாக இருப்பது மட்டும்தான் ஆபத்து என்ற நினைப்பும் இதோடு சேர்ந்தது. பல சுரங்கங்களுக்குப் பிரச்சினையே தேவைக்கு மேல் நீர் சேர்வதுதான். 2014 ஆகஸ்டில் கனடாவின் மவுண்ட் பாலி சுரங்கத்தில் அணை உடைந்தபோது நீரும் கசடுமாக ஏறத்தாழ 2.5 கோடி கன மீட்டர் வெளியேறி ஏரிகளில் கலந்தது. உடைந்ததற்கு அடித்தளத்து மண்ணின் பலவீனம் காரணம் என்றார்கள், ஆனால் வெளியே வந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான். சேமிப்பு எவ்வளவு, ஆண்டுக்காண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று எழுதச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

எக்செல் கோப்பில் ஒரு கட்டம்

இது என் சொந்த அனுபவம். ஒரு சுரங்கத்தின் நீர்ச் சமநிலைக் கோப்பைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் கச்சிதமாக டேலி ஆகியிருந்தது, தசமப் புள்ளி வரைக்கும். அவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்கு உறுத்தியது. "ஆவியாதல்" என்ற கட்டத்தில் கர்சரை வைத்தேன். மேலே சூத்திரம் வந்தது: மொத்த வரவு கழித்தல் மற்ற எல்லாச் செலவு. அதாவது ஆவியாதலை யாரும் அளக்கவும் இல்லை, கணக்கிடவும் இல்லை. கணக்கில் எது உதைத்ததோ அதை வெயில் தலையில் கட்டிவிட்டார்கள். குழாய்க் கசிவு, பழுதான மீட்டர், அணையின் அடியில் ஊறிப்போகும் நீர் எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள்தான் இருந்திருக்கும். அது அறிக்கையில் வெறும் எண்ணாக அச்சாகும்போது யாருக்கு என்ன தெரியும்?

அதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலிய மினரல்ஸ் கவுன்சில் உருவாக்கிய நீர்க் கணக்கு முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது அளந்ததா, மதிப்பிட்டதா, மாதிரியாக்கம் செய்ததா என்று எழுத வேண்டும், அதில் எவ்வளவு நம்பிக்கை என்பதையும் சேர்த்து. ஆவியாதலை நீர்ப்பரப்பையும் வானிலைத் தரவையும் வைத்துத் தனியாகக் கணக்கிடுங்கள். அப்புறம் டேலி ஆகாமல் மிஞ்சுவதை "கணக்கில் பிடிபடாதது" என்று தனி வரியில் போடுங்கள். 4 சதவீதம் பிடிபடவில்லை என்று எழுதும் நிறுவனத்தை நான் நம்புவேன். பூஜ்யம் என்று எழுதினால் கோப்பைக் கேட்பேன்.

எந்தத் தண்ணீர்?

அளவை மட்டும் எழுதித் தரத்தை விடுவது இன்னொரு பெரிய ஓட்டை. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள் இருந்தால் நன்னீர், அதற்கு மேல் மற்ற நீர் என்று ஜிஆர்ஐ கோடு போடுகிறது. கோடு வேண்டும்தான். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் கணக்கே இல்லாதது என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. அட்டகாமா உப்புப் படுகையில் லித்தியத்துக்காக இறைக்கும் உப்புநீரைப் பாருங்கள். சிலி சட்டத்தில் அது கனிமமாகப் பார்க்கப்படுகிறது, தண்ணீராக அல்ல. வெயிலில் குளங்களில் பரப்பி ஆவியாக்கினால்தான் லித்தியம் கிடைக்கும், இறைத்ததில் பெரும்பகுதி ஆகாயத்துக்குப் போய்விடும். நன்னீர் வரிசையில் மட்டும் தேடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது. அந்த உப்புநீருக்கும் படுகை ஓரத்து நன்னீருக்கும் என்ன தொடர்பு என்பது இன்னும் வாதத்தில் இருக்கும் விஷயம், அதனாலேயே அளவைச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

நல்ல மாற்றத்தையும் முழுசாகச் சொல்ல வேண்டும். அதே சிலியில் எஸ்கொண்டிடா செப்புச் சுரங்கம் 2020 முதல் உயர்மலை நிலத்தடி நீரை விட்டுவிட்டு, உப்பு நீக்கிய கடல்நீருக்கு மாறியது. பாராட்ட வேண்டியதுதான். அந்தத் தண்ணீரைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தூரம், 3,200 மீட்டர் உயரத்துக்குப் பம்பு செய்கிறார்கள். இப்படி மாறுகிறவர்கள் நன்னீர் குறைந்தது என்ற வரியோடு நின்றுவிடாமல், அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவானது, கடலுக்குத் திரும்பும் அடர் உப்புநீர் எவ்வளவு என்ற வரிகளையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

சதவீதம் செய்யும் மாயம்

மறுசுழற்சி விகிதம் எனக்குப் பிடிக்காத எண். ஆலைக்கு ஒரு நாளைக்கு 100 பங்கு நீர் தேவை, 20 புதியது, 80 சுற்றி வருவது, ஆக 80 சதவீதம். ஆலையைப் பெரிதாக்கினார்கள், இப்போது தேவை 150, புதியது 28, சுற்றி வருவது 122. விகிதம் 81 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அறிக்கையில் முன்னேற்றம். ஆற்றிலிருந்து எடுப்பதோ 40 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரே நீர் பத்து முறை சுற்றினால் பத்து முறையும் எண்ணப்படும் என்பதுதான் இதன் அடிப்படைக் கோளாறு. ஜிஆர்ஐ-யின் பழைய பதிப்பில் இருந்த இந்தக் கேள்வி 2018 திருத்தத்தில் தனி வெளிப்படுத்தலாக இல்லாமல் போனது, ஆனாலும் நிறுவனங்கள் விடுவதாக இல்லை.

ஒரு டன்னுக்கு எவ்வளவு நீர் என்பதும் அப்படித்தான். எந்த டன்? தாதுவில் 1 சதவீதம் செம்பு இருந்தால் ஒரு டன் செம்புக்கு 100 டன் தாது, அரை சதவீதம் என்றால் 200 டன், ஆலையில் வீணாவதை விட்டுவிடுவோம். தாது டன்னுக்கு 0.5 கன மீட்டர் என்பது 0.4 ஆகக் குறைந்தது என்று மார்தட்டிக்கொள்ளும் அதே ஆண்டில், ஒரு டன் செம்புக்கான நீர் 50-லிருந்து 80 கன மீட்டராக ஏறியிருக்கலாம். இரண்டு விகிதத்தையும் போடுங்கள், மொத்த அளவையும் போடுங்கள்.

எந்தப் பகுதியில் நீர் நெருக்கடி என்று காட்டும் உலக வள நிறுவனத்தின் அக்வடக்ட் வரைபடத்தைத் திறந்து, "எங்கள் சுரங்கம் நீர் நெருக்கடிப் பகுதியில் இல்லை" என்று ஒரே வரியில் முடிப்பதும் வேண்டாம். முதல் வடிகட்டலுக்கு அது நல்ல கருவி. ஒரு பெரிய வடிநிலத்தின் நிலைமையைத்தான் அது சொல்லும், உங்கள் ஓடையில் கோடையின் கடைசி மாதத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சொல்லாது. மாதவாரிக் கணக்கு உங்களிடம் எப்படியும் இருக்கும், அதை வெளியிடுங்கள். வெளியேற்றிய நீரின் தரத்தையும் ஆண்டுச் சராசரியாக மட்டும் காட்டாதீர்கள். மீன் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்றால் சராசரியில் அது தெரியப்போவதில்லை.

அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்து

கடைசியாக நான் எப்போதும் முதலில் படிக்கும் இடம், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பு. "நாங்கள் இயக்கும் சுரங்கங்கள் மட்டும்", "ஒப்பந்ததாரர்கள் நீங்கலாக", "முறை மாற்றப்பட்டதால் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட இயலாது". முறையை மாற்றுவதில் தவறில்லை, பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திருத்திப் பக்கத்தில் வைத்தால் போதும். கூட்டு நிறுவனங்களை வெளியே விடுவது அவ்வளவு சாதாரணமாகப் போகிற விஷயம் இல்லை. 2015 நவம்பர் 5-ஆம் தேதி பிரேசிலின் மரியானாவில் 19 பேரைக் கொன்று, தோசே ஆறு வழியாக அட்லாண்டிக் கடல் வரைக்கும் போன சேறு, வாலே, பிஎச்பி என்ற இரண்டு பெரிய சுரங்க நிறுவனங்கள் பாதிப்பாதி வைத்திருந்த சமார்கோ என்ற கூட்டு நிறுவனத்தின் அணையிலிருந்து வந்தது. உங்கள் பங்கு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீத நீரையாவது தனி வரிசையில் காட்டலாம்.

மூடிய சுரங்கங்கள் அந்தப் பொடி எழுத்தில்கூட வராது. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பர்க்லி குழி என்ற மூடிய செப்புச் சுரங்கம் இருக்கிறது. 1982-இல் பம்புகளை நிறுத்தினார்கள், நிலத்தடி நீர் ஏறிக் குழியை நிரப்பியது, பாறைக் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமானது. 1995-இல் அதில் இறங்கிய நூற்றுக்கணக்கான பனி வாத்துகள் செத்தன, 2016-இல் ஆயிரக்கணக்கில். அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்து ஓடையில் விட ஆரம்பித்தது 2019-இல், இறைப்பது இன்றும் நிற்கவில்லை. தாது உற்பத்தி பூஜ்யம் என்பதால் ஒரு டன்னுக்கு எவ்வளவு நீர் என்று அங்கே கேட்கவே முடியாது. உங்கள் நிறுவனத்திடமும் இப்படி மூடிய குழிகள் இருந்தால், எத்தனை, ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, அதை இறைக்கும் செலவு யார் கணக்கில் போகிறது என்று அடுத்த அறிக்கையில் ஒரு வரிசை சேர்த்துவிடுங்கள்.