சிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம்: பயணப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டுவதோடு அவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிற வேலையும் நமக்கே வந்து சேரும். அந்தப் படங்களில் ஒன்றிரண்டு ஊரில் சட்டம் போட்டுச் சுவரிலும் ஏறும். அதனால் கொஞ்சம் நிதானித்து எடுப்பது நல்லது.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை முன்னால் நான் அடிக்கடி பார்க்கிற தவறு இது. அம்மாவைச் சிலைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, சிலை முழுதாகத் திரைக்குள் வரும்வரை பின்னால் நடந்துகொண்டே போகிறார்கள். சிலையின் உயரம் 8.6 மீட்டர். அது முழுதாக வரும்போது அம்மா சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துவிடுகிறார்; பெரிதாக்கிப் பார்த்தால்தான் முகம் தெரிகிறது.

ஆள் நிற்க வேண்டியது சிலைக்குப் பக்கத்தில் இல்லை, கைப்பேசிக்குப் பக்கத்தில். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் உங்களிடமிருந்து 4 மீட்டர் தள்ளியும், சிலை 21 மீட்டர் தள்ளியும் இருந்தால், படத்தில் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம். ஆகவே சிலை நன்றாகத் தெரிகிற இடத்தை முதலில் நீங்கள் பிடியுங்கள். அப்புறம் அம்மாவை உங்களை நோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுவைத்து, இடது கோட்டில் அம்மா, வலது கோட்டில் சிலை என்று நிறுத்தினால் ஒன்றை ஒன்று மறைக்காது.

பின்னால் இருக்கிற மூன்று கோபுர ஹோட்டல், மரினா பே சேண்ட்ஸ், ரொம்பச் சின்னதாகத் தெரிகிறதா? 2 மடங்கு ஸூம் வைத்துக்கொண்டு, ஆள் பழைய அளவுக்கு வரும்வரை பின்னால் போங்கள். ஆள் அப்படியே இருக்க, கட்டடம் மட்டும் பெரிதாகும். பலர் இதற்கு நேர்மாறாக, அகலமாகப் பிடிக்கிற 0.5 ஸூமைத் தட்டுகிறார்கள். அது மூன்று கோபுரங்களையும் தொலைவில் தள்ளிவிடும்; குடும்பப் படமென்றால் ஓரத்தில் நிற்பவரின் முகத்தையும் தோளையும் இழுத்து அகலமாக்கிவிடும். பெரும்பாலும் அந்த ஓரத்தில் நிற்பது கூச்சப்பட்டு ஒதுங்குகிற அத்தையாகத்தான் இருக்கும். பாவம், அவரை நடுவில் நிறுத்துங்கள்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. வாசலில் நின்றபடி கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்த மாதிரி விழும். எதிர்ச்சாரிக்குப் போய், கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கீழே சாலை அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்துவதைவிட இது சுலபம்.

ஆளை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். இடுப்பு, தொடை நடுவில் படம் முடிந்தால் உறுத்தாது. கணுக்காலிலோ முழங்காலிலோ முடிந்தால் கால் இல்லாத மாதிரி இருக்கும். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் வந்தால் நீங்கள் ஓரடி நகர்ந்தாலே போதும்.

லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் இருக்கிற டான் டெங் நியாவின் பழைய சீன வீடு 1900இல் கட்டியது. கதவுக்கொரு நிறம், சன்னலுக்கொரு நிறம். முழு வீட்டையும் எடுக்கப் பார்த்தால், அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டிவந்த புடவை அந்த நிறங்களுக்குள் காணாமல் போகும். புடவைக்கு எடுப்பான நிறத்தில் ஒரே ஒரு சன்னலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இரண்டு மூன்று அடி முன்னால் அவரை நிறுத்துங்கள்.

மெர்லயன் இருக்கிற மரினா விரிகுடாவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குச் சூரியன் மறையும். அதன்பின் வானம் நீலமாக இருப்பது கொஞ்ச நேரம்தான், சட்டென்று இருட்டிவிடும். அதனால் 6.30க்கே போய் இடத்தைப் பார்த்து வைத்து, அம்மாவைப் படிக்கட்டில் உட்காரவைத்துவிடுங்கள். களைப்பில்லாத முகம் வேண்டுமே.