புதிய அறிவியல் கண்டுபிடிப்புச் செய்திகளை எடைபோட்டுப் படிப்பது எப்படி?

உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய துறைகளில் வாரந்தோறும் ஏதாவது ஒரு கண்டுபிடிப்பு தலைப்புச் செய்தியாகிவிடுகிறது. அவற்றுள் சில பாடநூல்களையே மாற்றி எழுத வைக்கின்றன. பல ஓராண்டுக்குள் மறக்கப்பட்டுவிடுகின்றன. சில பிழையானவை என்று பின்னர் தெரியவருகின்றன. எது எந்த வகை என்பதை முதல் நாளிலேயே உறுதியாகச் சொல்ல அத்துறை வல்லுநர்களாலும் இயலாது. ஆயினும் ஒரு செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை, பள்ளி அளவில் அறிவியல் படித்த எவரும் சற்றுப் பொறுமையுடன் உட்கார்ந்தால் ஓரளவு கணித்துவிட முடியும். அதற்குத் துறை அறிவைக் காட்டிலும் ஒரு கேள்வியை விடாமல் கேட்கும் பழக்கமே தேவை: ஆய்வாளர்கள் உண்மையில் எதை அளந்தார்கள், அந்த அளவீடு வேறு எந்தக் காரணத்தால் வந்திருக்கக்கூடும்?

எனவே செய்தியைப் படித்தவுடன், தலைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, அளக்கப்பட்டதை மட்டும் கூறும் ஒற்றை வாக்கியமாக அதை மாற்றி எழுதிப் பாருங்கள். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்னும் கோளைப் பற்றி வெளியிட்ட முடிவு, வேற்றுலக உயிரினத்தின் தடயம் என்று உலகெங்கும் பேசப்பட்டது. அங்கே அளக்கப்பட்டது என்ன? அக்கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும்போது விண்மீனின் ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு மங்குகிறது என்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவு செய்தது, அளவீடு அவ்வளவே. அந்த மங்கலுக்கு டைமெத்தில் சல்பைடு அல்லது டைமெத்தில் டைசல்பைடு என்ற மூலக்கூறு காரணமாக இருக்கலாம் என்பது அடுத்த படி. பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் அம்மூலக்கூறு அங்கேயும் உயிர்களிடமிருந்தே வந்திருக்கலாம் என்பது அதற்கும் அடுத்த படி. இவ்வாறு படிகளைப் பிரித்து எழுதிவிட்டால், ஒவ்வொன்றும் எவ்வளவு உறுதியானது என்று தனித்தனியாகக் கேட்க முடிகிறது. அதே தரவை மீண்டும் ஆராய்ந்த வேறு குழுக்கள், அம்மூலக்கூறு இருப்பதற்கு வலுவான சான்று அதில் இல்லை என்று கூறின. டைமெத்தில் சல்பைடோ உயிர்களின் தொடர்பே இல்லாத 67பி என்ற வால்விண்மீனிலும் காணப்பட்டிருக்கிறது. ஆக, இரண்டு படிகளுமே இன்னும் உறுதிப்படவில்லை. அதற்காக அந்த ஆய்வைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை; அவ்வளவு தொலைவில் உள்ள ஒரு கோளின் காற்றில் மீத்தேன் இருப்பதை அதே தொலைநோக்கி அதற்கு முன்பே தெளிவாகக் காட்டியிருக்கிறது என்பதே பெரும் சாதனைதான்.

அடுத்து, மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுங்கள். நல்ல செய்திகளில் ஆய்விதழின் பெயரோ கட்டுரைக்கான இணைப்போ இருக்கும். இல்லாவிட்டால் ஆய்வாளரின் பெயரையும் பொருளையும் கூகுள் ஸ்காலரில் இட்டுத் தேடலாம். கட்டணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள கட்டுரைகளுக்கும் பல நேரங்களில் ஓர் இலவசப் படி, ஆய்விதழின் மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ் போன்ற முன்அச்சுத் தளங்களில் கிடைக்கும். கிடைத்த கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயல வேண்டாம். சுருக்கத்தைப் படித்ததும் படங்களுக்கும் அவற்றின் கீழே உள்ள விளக்கங்களுக்கும் செல்லுங்கள். பின்னர், ஆய்வாளர்களே தங்கள் ஆய்வின் குறைகளை எடுத்துக்கூறும் பகுதியைப் பாருங்கள். கட்டுரையில் 'இருக்கலாம்', 'ஒத்துப்போகிறது' என்று அடக்கமாகச் சொல்லப்பட்டது, பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பில் 'நிரூபித்தது' என்று மாறியிருப்பதை அடிக்கடி காண்பீர்கள்.

முன்அச்சுக் கட்டுரை என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிடவும் கூடாது, புகழ்பெற்ற ஆய்விதழில் வந்தது என்பதாலேயே ஒன்றை ஏற்றுவிடவும் கூடாது. மதிப்பாய்வு செய்பவர்கள் வழக்கமாக இரண்டு மூன்று பேர். அவர்கள் கட்டுரையைத்தான் ஆராய்கிறார்களே தவிர, சோதனையை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. அறை வெப்பநிலையில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இன்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள், கிடைத்துவிட்டதாக நேச்சர் இதழில் 2020-இல் வந்த கட்டுரை 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. அதே குழுவினர் 2023 மார்ச்சில் அதே இதழில் வெளியிட்ட வேறொரு மீக்கடத்திக் கட்டுரையும் அவ்வாண்டு நவம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டது.

வேறு காரணம் உண்டா என்ற கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை எல்கே-99 விவகாரம் நன்கு காட்டுகிறது. 2023 ஜூலையில் தென்கொரிய ஆய்வாளர்கள் ஆர்க்கைவில் வெளியிட்ட கட்டுரைகளின்படி, ஈய அபடைட் என்னும் சேர்மத்தில் சில ஈய அணுக்களின் இடத்தில் செம்பு அணுக்களைப் புகுத்தினால் கிடைக்கும் பொருள், நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேலும் மீக்கடத்தியாகவே இருக்கிறது. இது உண்மையாகியிருந்தால் மின்சாரம் கடத்துவது முதல் மருத்துவமனை ஸ்கேன் கருவிகள் வரை அனைத்தும் மாறியிருக்கும். அவர்கள் காட்டிய சான்றுகளுள் இரண்டு முக்கியமானவை. ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸில் பொருளின் மின்தடை செங்குத்தாகச் சரிந்தது ஒன்று. மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கக்கூடியது என்பதால், காந்தத்தின் மேல் வைத்த சிறு துண்டு ஒரு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருக்க மறுமுனை எழும்பி நின்றது மற்றொன்று.

முதல் சான்றை எடுத்துக்கொள்வோம். மீக்கடத்தியில் மின்தடை சுழியாகிறது. சரிவது வேறு, சுழியாவது வேறு. ஆகவே அத்தகைய வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது செங்குத்து அச்சின் அளவுகோலைத்தான்: கோடு சுழியைத் தொடுகிறதா, அல்லது அந்த அளவுகோலில் சுழிபோலத் தோன்றுகிறதா? இனி, மீக்கடத்தல் இன்றியும் மின்தடை சரியுமா? சரியும். காப்பர் சல்பைடு ஏறத்தாழ 104 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும்போது அதன் மின்தடை வெகுவாகக் குறைகிறது என்பது வேதியியலாளர்கள் பல காலமாக அறிந்த செய்தி. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் இந்த வெப்பநிலைப் பொருத்தத்தை உடனே சுட்டிக்காட்டினார். எல்கே-99-இன் தயாரிப்பு முறையிலோ கந்தகம் கொண்ட ஈயச் சேர்மமும் செம்பும் சேர்ந்தே சூடாக்கப்படுகின்றன. எனவே காப்பர் சல்பைடு கலப்பாக உருவாவது இயல்பே. அந்தக் கலப்பு இருப்பது மூலக் கட்டுரையின் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் பகுப்பாய்விலேயே குறிக்கப்பட்டிருந்தது என்பதுதான் இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. பெய்ஜிங்கில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தினர் காப்பர் சல்பைடு கலந்த மாதிரிகளை அளந்து, சரிவு அதே வெப்பநிலையில் வருவதையும் மின்தடை சுழியாகாததையும் காட்டினர். ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் கந்தகமே இல்லாத முறையில் தூய படிகங்களை வளர்த்தபோது, அவை ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவுபவையாக, மின்சாரத்தைக் கடத்தாத காப்புப் பொருள்களாக இருந்தன. பாதி எழும்பி நிற்பதற்குச் சாதாரணக் காந்தப் பண்புகளே போதும் என்பதும் பிற ஆய்வகங்களில் தெளிவாயிற்று. இவ்வளவும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள், அதாவது ஒரு மாதத்துக்குள் நடந்து முடிந்தன.

காப்பர் சல்பைடைப் பற்றிப் பொது வாசகர் அறிந்திருக்க முடியாதுதான். ஆனால் மாதிரி தூயதா, வரைபடம் சுழியைத் தொட்டதா, வேறொரு ஆய்வகம் வேறொரு முறையில் அதே பொருளைச் செய்து பார்த்ததா என்னும் மூன்று கேள்விகளும் அவர் கைக்கு எட்டுபவையே. வேதியியல் செய்திகளில் தூய்மை பற்றிய கேள்வியே முதன்மையானது என்பது என் கருத்து. 2023 நவம்பரில், தானியங்கி ஆய்வகம் ஒன்று 17 நாட்களில் 41 புதிய சேர்மங்களை உருவாக்கியதாக நேச்சரில் கட்டுரை வந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. பகுப்பாய்வை மீண்டும் சரிபார்த்த வேதியியலாளர்கள், புதியவை எனப்பட்ட பொருள்களில் பல முன்பே அறியப்பட்டவை என்று வாதிட்டனர்.

எண்களைப் படிப்பதில் தனிக் கவனம் வேண்டும். இயற்பியல் செய்திகளில் 'சிக்மா' என்ற அளவு அடிக்கடி வரும். 3 சிக்மா என்றால், உண்மையில் புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெறும் தற்செயலால் அவ்வளவு பெரிய மாறுபாடு தோன்றுவதற்கு 1,000-இல் சுமார் 3 வாய்ப்பு உண்டு என்று பொருள்; கண்டுபிடிப்பு 99.7 விழுக்காடு உண்மை என்று அதற்குப் பொருள் கொள்ளவே கூடாது. கே2-18பி பற்றிய முடிவு இந்த 3 சிக்மா அளவில்தான் இருந்தது. துகள் இயற்பியலாளர்கள் 5 சிக்மாவை, அதாவது சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்ற வரம்பை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: ஆயிரக்கணக்கான இடங்களில் தேடினால் எங்காவது ஓரிடத்தில், தரவு வரைபடத்தில் ஒரு தற்செயல் மேடு தோன்றியே தீரும். 2015 டிசம்பரில் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் இரண்டு கருவிகள் 750 ஜிகாஎலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு அருகே ஒரு மேட்டைக் கண்டன. அதை விளக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. கூடுதல் தரவு வந்ததும் 2016 ஆகஸ்டில் அந்த மேடு மறைந்துபோயிற்று. தற்செயலைத்தான் சிக்மா அளக்கிறது. கருவியின் பழுதை அது அளப்பதில்லை. 2011 செப்டம்பரில் ஒபெரா குழு, செர்னிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு நியூட்ரினோக்கள் என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னதாக வந்ததாக அறிவித்தபோது, புள்ளியியல் உறுதி 6 சிக்மாவாக இருந்தது. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கம்பியே முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. அக்குழுவினர் தங்கள் முடிவைத் தாங்களே ஐயத்துடன் முன்வைத்து, பிழையைக் கண்டுபிடிக்க உதவுமாறு பிறரைக் கேட்டுக்கொண்டது பெரிதும் மதிக்கத்தக்க செயல்.

விகிதங்கள் வரும்போது, எதனோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசிய எரியூட்டல் நிலையத்தில், செலுத்தியதைவிட அதிக ஆற்றல் அணுக்கரு இணைவிலிருந்து வெளிவந்தது: 2.05 மெகாஜூல் உள்ளே, 3.15 மெகாஜூல் வெளியே. இது உண்மையான மைல்கல். ஆனால் அந்த 2.05 என்பது எரிபொருள் இலக்கை அடைந்த லேசர் ஆற்றல் மட்டுமே. அந்த லேசர்களை இயக்க ஏறத்தாழ 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. உடல்நலச் செய்திகளிலும் இதே கவனம் வேண்டும். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கூறியது. வாழ்நாளில் 100 பேரில் சுமார் 5 பேருக்கு அந்நோய் வருகிறது என்று கொண்டால், அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 6 பேராக உயரும். 100 பேரில் 18 பேர் என்றாகாது.

உயிரியலிலும் மருத்துவத்திலும், யாரிடம் அல்லது எதனிடம் சோதிக்கப்பட்டது என்பதைத் தேடிப் பிடியுங்கள்: தட்டில் வளர்த்த செல்களா, எலிகளா, மனிதர்களா? மனிதர்கள் என்றால் எத்தனை பேர், சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டார்களா, மறு குழுவுக்கு என்ன கொடுக்கப்பட்டது? இக்கேள்விகளுக்கெல்லாம் நேரான விடை தந்த ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு லெனாகாபவிர் என்னும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைப் பற்றி 2024-இல் வெளிவந்த ஆய்வைச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த அச்சோதனையில், ஆண்டுக்கு இருமுறை ஊசியாக அம்மருந்தைப் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்று ஏற்படவில்லை, நாள்தோறும் விழுங்கும் வழக்கமான தடுப்பு மாத்திரை கொடுக்கப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஒப்பிடப்பட்டது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள மருந்தோடு; அளக்கப்பட்டது தொற்று என்னும் நேரடி விளைவு. இங்கே அளவீட்டுக்கும் கூற்றுக்கும் இடையே தாண்ட வேண்டிய படிகள் மிகக் குறைவு.

ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுவதற்கு முன் ஆய்விதழின் பக்கத்தில் அதன் இன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். திருத்தமோ திரும்பப் பெறுதலோ இருந்தால் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். பப்பியர் தளத்தில் பிற ஆய்வாளர்களின் ஐயங்களும், ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலும் கிடைக்கும். திரும்பப் பெறுதல் என்றாலே மோசடி என்று எண்ணிவிட வேண்டாம். கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கைக் கொண்டு வளர்கிறது என்று 2010-இல் சயின்ஸ் இதழ் வெளியிட்ட கட்டுரையை 2012-இல் இரண்டு ஆய்வுகள் மறுத்தன. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2025-இல்தான். முறைகேடு எதுவும் சாட்டப்படவில்லை. சோதனைகள் அம்முடிவைத் தாங்கவில்லை என்பதே இதழ் கூறிய காரணம். அத்தகைய கட்டுரை திரும்பப் பெறப்படாமல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இதழில் இருந்திருக்கிறது என்பதால், மறுப்புகளையும் நாமே தேடிப் பார்ப்பது நல்லது.

காலம் கடந்து உறுதிப்படும் கண்டுபிடிப்புகளையும் இதே முறையில் பின்தொடரலாம். 1998-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் ஜேர் பசிபிக் கடல்நீரில், நைட்ரஜனை நிலைநிறுத்தும், அதாவது அதை உயிர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவுக்கு மாற்றும், ஏதோ ஒரு நுண்ணுயிரின் சிறு டி.என்.ஏ. தொடரைக் கண்டார். அது தங்கி வாழும் பாசியைக் கண்டறிவதற்கும், ஜப்பானில் கியோகோ ஹாகினோ அப்பாசியை ஆய்வகத்தில் வளர்த்தெடுப்பதற்கும் பல ஆண்டுகள் பிடித்தன. 2024-இல் வெளிவந்த சான்றுகள் ஒன்றுக்கொன்று சாராதவை: பாசிச் செல் பிரியும்போது அதனுடன் சேர்ந்தே அந்த நுண்ணுயிரும் பிரிவதை எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டின, அதற்குத் தேவையான புரதங்கள் பலவற்றைப் பாசியே செய்து அனுப்புவதைப் புரதப் பகுப்பாய்வு காட்டியது. தனி உயிராக இருந்த ஒன்று செல்லின் உறுப்பாகவே மாறிவிட்டது என்ற முடிவு அதனால்தான் வலுவானது. அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டுள்ளனர். உரமே தேவைப்படாத பயிர்கள் வரப்போகின்றன என்று இதையொட்டி எழுந்த பேச்சு வேறு; அளக்கப்பட்டது ஒரு கடற்பாசியில் மட்டுமே. இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்புவோர், பாசி அனுப்பும் புரதங்களில் ஒட்டியுள்ள கூடுதல் தொடர் எவ்வாறு அவற்றை அந்த உறுப்புக்குள் கொண்டு சேர்க்கிறது என்பதையும், நிலத்தாவரச் செல் ஒன்றில் அத்தகைய ஏற்பாட்டை யாரேனும் செயல்படுத்திக் காட்டினார்களா என்பதையும் புதிய கட்டுரைகளில் தேட வேண்டும்.