ஏற்காட்டில் திசை தவறிய தொலைநோக்கி: என் அனுபவம்

பிப்ரவரி 5 ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, ஏற்காட்டில் உறவினர் வீட்டு மொட்டை மாடியில் என்னுடைய 130 மி.மீ. கணினிவழி எதிரொளிப்புத் தொலைநோக்கியை நிறுத்தினேன். திசையமைப்புக்காக, அதாவது வானில் எங்கே பார்க்கிறது என்று தொலைநோக்கிக்குத் தெரிந்த விண்மீன்களைக் கொண்டு உணர்த்துவதற்காக, அதை இயக்கும் கைக்கருவி முதலில் கேட்ட விண்மீன் ஆர்க்டரஸ், அதாவது நம் சுவாதி. மோட்டார் முனகியபடி குழாயைத் திருப்பி நிறுத்திய இடத்தில் சுவாதி இல்லை. அந்த நேரத்தில் அது உதித்திருக்கவே இல்லை.

அணைத்துப் போட்டும் அதே கதைதான். மோட்டார்தான் பழுது என்று முடிவுகட்டியிருந்த நான், திரையின் சிவப்பு எழுத்துகளை நிதானமாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது: 05/02 என்று நான் இட்டதை, மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் அக்கருவி மே 2 என எடுத்துக்கொண்டிருந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன்கள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை முந்துகின்றன. மூன்று மாதப் பிழையில் வானம் கால்வட்டம் பிசகிவிடும். நேர மண்டலமும் +5 என்றிருந்தது. அதை +5:30 ஆக்கினேன். அரை மணிப் பிழை என்பது 7.5 பாகை, அதாவது பதினைந்து முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம்.

பிறகு முக்காலியை மட்டம் பார்த்து, தொலைவிலிருந்த கோபுர விளக்கைக் கொண்டு தேடுகுழலை (குறிபார்க்க உதவும் சிறு துணைக்குழலை) சரிசெய்தேன். சேலத்து விளக்கொளி தென்மேற்கு அடிவானை வெளுத்திருந்ததால், தெற்கே தாழ்ந்திருந்த கேனோபஸ் விண்மீனைத் தவிர்த்துச் சிரியஸையும் கேபெல்லாவையும் தேர்ந்தெடுத்தேன். அடுத்துக் கேட்ட ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம், 25 மி.மீ. ஐபீஸின் (கண்ணருகு லென்ஸின்) நடுவிலேயே சாம்பல் நிறச் சிறகாக வந்து நின்றது, உருப்பெருக்கம் கூடிய 10 மி.மீ. ஐபீஸில் அதன் மையத்து நான்கு விண்மீன்களும் தனித்தனியே தெரிந்தன.