தாய்லாந்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்துக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்புகிற நம் ஊர்க்காரர்கள் பாடத்துக்கு நன்றாகவே தயாராகிறார்கள். படம் போட்ட அட்டைகள், விளையாட்டுகள், பாட்டுகள் எல்லாம் பெட்டியில் இருக்கும். ஆனால் முதல் சிக்கல் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே, பெயரில் வருகிறது.

நம் பட்டச் சான்றிதழில் 'செந்தில்குமார் கே.' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த 'கே.' விரிந்து அப்பா பெயராகி, குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். அங்கே ஆசிரியர் உரிமத்தைக் கவனிக்கும் குருசபா அமைப்புக்கும் (ஆமாம், நம் 'குரு', 'சபை'தான்) குடிவரவு அலுவலகத்துக்கும் அது இரண்டு ஆட்களின் பெயர். இனிஷியல் வழக்கத்தை அங்கே போய் விளக்குவது பெரும்பாடு. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், போலீஸ் கிளியரன்ஸ் மூன்றையும் அசலாகவே கொண்டுபோங்கள்.

அடுத்தது, 'முதலில் சுற்றுலாவாக வந்துவிடுங்கள், விசாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம்புவது. இதைச் சில ஏஜென்சிகள் மிகச் சாதாரணமாகச் சொல்லும். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் பள்ளியும் தலையாட்டும். ஆனால் வொர்க் பெர்மிட் கைக்கு வராமல் வகுப்பெடுப்பது சட்டப்படி குற்றம். அபராதம் 5,000 முதல் 50,000 பாட் (தாய்லாந்துப் பணம்) வரை, அதோடு நாடு கடத்தல். இதில் மாட்டுவது ஆசிரியர்தான், ஏஜென்சிக்காரர் அல்ல. வேலைக்கான 'நான்-இமிகிரன்ட் பி' விசா வாங்கிக்கொண்டு போவதே சரியான வழி.

அது வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. அந்த விசா முதலில் 90 நாட்கள் தங்கத்தான் அனுமதிக்கும். பிறகு 1,900 பாட் கட்டி அனுமதியை ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு 90 நாளுக்கும் 'இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் 2,000 பாட் அபராதம். வீட்டு உரிமையாளரும் நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அதை அங்கே பதிவு செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை, அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் பள்ளி அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே இந்த வேலை பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில் இருக்கும். அவர் விடுப்பில் போனாலும் பாஸ்போர்ட்டில் உள்ள தேதி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவர் அக்டோபர் விடுமுறைக்கு ஊருக்குப் போனார். வெளியே போய்த் திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்கவில்லை. அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், நீட்டித்து வாங்கிய ஓராண்டு அனுமதி அந்த நிமிடமே செத்துவிடும். திரும்பி வந்ததும் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டியிருந்தது, இரண்டு மாதச் சம்பளம் அதிலேயே போனது. ஒரு தடவைக்கான பெர்மிட் 1,000 பாட்தான். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே எடுக்கலாம். தீபாவளிக்கு ஊருக்கு வரத் துடிக்கிற நமக்கு இது மறக்கவே கூடாத விஷயம், ஏனென்றால் பள்ளி விடுமுறையும் தீபாவளியும் பல ஆண்டுகளில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன.

சரி, பள்ளிக்குள் போவோம். மற்ற நாட்டவரை விட நமக்கு இங்கே ஒரு தனி ஆபத்து உண்டு. பார்ப்பதெல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்கும். கைகூப்புகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், ஆசிரியரை 'க்ரூ' என்கிறார்கள். அதனால் நம் வழக்கம் அப்படியே செல்லும் என்று நினைத்துவிடுகிறோம்.

கைகூப்புவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வணக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களுடைய 'வாய்' வணக்கத்தில் படிகள் உண்டு. யார் முதலில் கூப்புகிறார், கை எவ்வளவு உயரம் போகிறது, தலை எவ்வளவு தாழ்கிறது என்பதெல்லாம் வயதையும் நிலையையும் பொறுத்தது. மாணவரைப் பார்த்து ஆசிரியர் முந்திக்கொண்டு கும்பிட்டால் பிள்ளைகள் கூச்சத்தில் நெளிவார்கள். அவர்கள் கும்பிட்ட பிறகு ஒரு தலையசைப்போ, நெஞ்சருகில் சின்னக் கைகூப்பலோ போதும். தலைமை ஆசிரியருக்கும் வயதில் மூத்த ஆசிரியர்களுக்கும் நீங்கள் முந்த வேண்டும். அதேபோல, பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்துவது நமக்குப் பாசம். அங்கே தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், வெளியாள் தொடாமல் இருப்பதே நல்லது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த தவறு வேறு. ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ' நடக்கும், ஆசிரியரை வணங்கும் நாள். முதல் ஆண்டில், பாடம் இல்லாத நாள்தானே என்று நான் போகவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் என் மேசை மேல் ஒரு தட்டு இருந்தது. அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ. பிள்ளைகள் கையால் அடுக்கிக் கொண்டுவந்தது. அருகம்புல் வெயிலில் காய்ந்தாலும் மறுபடி தழைக்கும், அதுபோல அறிவு வளர வேண்டும். காய்க்கும் கத்தரிப்பூ தலை குனியும், அது பணிவு. இட்லிப்பூவின் மொட்டு ஊசி மாதிரி இருக்கும், அது கூர்மை. பூக்கள் வாடியிருந்தன. அவர்கள் என்னைத் தேடியிருக்கிறார்கள். காலை எட்டு மணிக் கொடியேற்றத்துக்கும் இது பொருந்தும். வகுப்பு ஒன்பது மணிக்குத்தானே என்று தாமதமாகப் போகாதீர்கள். உங்களை அந்தப் பள்ளியின் ஆளாக அவர்கள் பார்ப்பது அந்த வரிசையில் நிற்கும்போதுதான்.

குரலை உயர்த்திக் கண்டிப்பது நம் வகுப்பறைகளில் அன்றாடம் நடப்பது. அங்கே பத்துப் பேர் முன்னால் கத்தினால் பிள்ளைக்கு மானம் போய்விடும், உங்களுக்கும் மதிப்புப் போய்விடும். அடிப்பதற்குத் தடையே உண்டு. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டு 'எஸ், டீச்சர்' என்ற பதிலோடு நகர்வதையும் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்ற தயக்கத்தை அவர்கள் 'க்ரெங் ஜாய்' என்பார்கள். புரியாவிட்டாலும் 'எஸ்' என்றுதான் வரும். செய்துகாட்டச் சொன்னால் உண்மை தெரியும்.

உச்சரிப்பில் நாம் எதிர்பாராத ஒரு மோதல் இருக்கிறது. தாய்லாந்து மொழி பேசுகிறவர்கள் சொல்லின் கடைசி மெய்யை விழுங்குவார்கள். 'ஹவுஸ்' என்பது 'ஹாவ்' ஆகும், 'ஃபுட்பால்' என்பது 'ஃபுட்பான்' ஆகும், ஏனென்றால் சொல் முடிவில் வரும் 'ல்' அவர்கள் வாயில் 'ன்' ஆகிறது. நாம் நேர்மாறாக, கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டுவோம்: 'புக்கு', 'பஸ்ஸு'. நான் அழுத்திச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துச் சொன்ன 'புக்கு'வை முப்பது பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. முதலில் நம் நாக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் உங்கள் வகுப்பை நீங்களே பதிவு செய்து கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மாதங்களை எண்ணுங்கள். பத்து அல்லது பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் மார்ச், ஏப்ரல் விடுமுறையில் சம்பளம் நின்றுவிடும். தேதிகள் புத்த ஆண்டில் இருக்கும், நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 31/3/69 என்றால் 2569, அதாவது 2026 மார்ச். சமூகக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால், உங்கள் பெயரில் எந்த மருத்துவமனை பதிவாகியிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். பைக் ஓட்டுவதாக இருந்தால் அந்த வகைக்கான உரிமம் இல்லாமல் ஏறாதீர்கள், விபத்தென்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். மன்னர் குடும்பத்தைப் பற்றி எங்கேயும், விளையாட்டாகக்கூட, கருத்துச் சொல்ல வேண்டாம். தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'கறி வேண்டாம்' என்று சொன்னால் போதாது, மீன் சாஸ் எப்படியும் விழும். 'கின் ஜே' என்று சொல்லுங்கள், அதில் முட்டையும் பூண்டும்கூட வராது.

வேலையை விடும்போது பலர் மொத்தமாகச் சறுக்குகிறார்கள். வொர்க் பெர்மிட் அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது. வேலை முடியும் நாளோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. வேறு பள்ளியில் சேர்வதாக இருந்தால் இரண்டு பள்ளிகளின் தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்துமாறு முன்கூட்டியே பேசுங்கள். விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று இரண்டையும் கடைசி வாரத்துக்கு முன்பே, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.