திங்கள் தெரிந்தவருக்கு இந்தக் கான்ஜி எளிது

பெங்களூரில் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் நம் ஆட்கள், நிலாவைக் குறிக்கும் 月 என்ற கான்ஜியை (ஜப்பானியத்தில் புழங்கும் சீன எழுத்து) ‘மூன்’ என்று ஒரு தரம், ‘மந்த்’ என்று ஒரு தரம், ‘மண்டே’ என்று ஒரு தரம் தனித்தனியாக உருப்போடுகிறார்கள். தேவையே இல்லை. தமிழில் நிலாவும் திங்கள், மாதமும் திங்கள், கிழமையும் திங்கள். வீட்டு ஓனர் ‘ஈ திங்களு’ வாடகை என்று கன்னடத்தில் கேட்பதும் அதே சொல்தான்.

எழுத நாலே கோடு. முதலில் இடது கோடு, கீழே வரும்போது இடப்பக்கம் லேசாக வளையட்டும். அடுத்தது மேலே கிடையாகப் போய் அப்படியே வலப்பக்கம் இறங்கி, முடிவில் உள்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி. அப்புறம் உள்ளே இரண்டு கிடைக்கோடு. அடியை மூடாதீர்கள், மூடினால் கண் என்ற வேறு எழுத்தாகிவிடும்.

உச்சரிப்பில்தான் நிதானம் வேண்டும். தனியாக நின்று நிலாவைக் குறித்தால் ட்ஸுகி. மாதத்தின் பெயர் என்றால் எண்ணுக்குப் பின்னால் கட்ஸு (கணேசனில் வரும் க): ஜனவரி இச்சிகட்ஸு, டிசம்பர் ஜூனிகட்ஸு. ஏப்ரல் ஷிகட்ஸு, ஜூலை ஷிச்சிகட்ஸு, செப்டம்பர் குகட்ஸு. எண்ணும்போது நாலு, ஏழு, ஒன்பதை யோன், நானா, க்யூ என்று பழகிய வாய் இந்த மூன்றில்தான் தடுமாறும், அதனால் இவற்றைத் தனியாக, சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். இந்த மாதம், அடுத்த மாதம், எத்தனை மாதம் என்று வந்தால் கெட்ஸு: கொன்கெட்ஸு, ராய்கெட்ஸு, இக்காகெட்ஸு. இச்சிகட்ஸு ஜனவரி, இக்காகெட்ஸு ஒரு மாத காலம். க்ளையன்டுக்குப் போகும் மெயிலில் இதை மாற்றிப் போட்டால் டெலிவரி தேதியே மாறிப்போகும், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். திங்கட்கிழமைக்கும் கெட்ஸுதான், கெட்ஸுயோபி.

இதே உருவம் வேறொரு எழுத்தின் இடப்பக்கம் ஒல்லியாக நின்றால் பெரும்பாலும் நிலா இல்லை, சதை என்ற எழுத்தின் சுருக்கம். வயிறு, நுரையீரல், மூளை, முழங்கை எல்லாவற்றிலும் அப்படித்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது பிறைக்கான சொல்: மிகாஸுகி. எழுதுவது ‘மூன்றாம் நாள் நிலா’ என்று, ட்ஸு மட்டும் குழைந்து ஸு (ஆங்கில z ஒலி) ஆகிறது. மூன்றாம் பிறையைத் தேடி மொட்டைமாடிக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.